டேங்கின் மேல் இருந்த குங்குமம்

கூலண்ட்டை நெற்றியில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கடை நடத்திய மெக்கானிக் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் தெரியப்படுத்துங்கள், ஆறுதலாக இருக்கும். கூலண்ட் என்பது எஞ்சின் கொதிக்காமல் பார்த்துக்கொள்ளும் திரவம். பக்தியோடு தொட்டு இட்டுக்கொள்ளும் பொருள் அல்ல. நான் கண்ணில் ஒற்றிக்கொண்டு இட்டுக்கொண்டேன்.

எங்கள் மெக்கானிக் சங்கத்தில் புதிதாகத் தொழிலுக்கு வந்திருப்பவர்களுக்காக அனுபவக் குறிப்பு ஒன்று எழுதித் தரும்படி கேட்டார்கள். பெருமையாக ஏதாவது அகப்படும் என்று, வண்டிக்கு வண்டி செய்த வேலையை எழுதிவைத்த பழைய ஜாப் கார்டுகளைப் புரட்டினேன். ஒழுங்காகச் செய்த வேலைகளில் எழுத ஒன்றும் இல்லை. வண்டி வந்தது, சரியானது, போனது. ஆகவே இதை எழுதுகிறேன்.

1. பொட்டை அழிக்காதே

சின்ன காஞ்சிபுரத்தில் இருபத்தாறு வருடமாக ஷெட் வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு காரின் பானட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு முன்னால் கண்ணில் படுவது பூஜைதான். பேட்டரி மேல் சந்தனம், ஏர் ஃபில்டர் பெட்டி மேல் குங்குமம், எங்காவது இடுக்கில் ஒரு காய்ந்த பூ. வண்டி வாங்கிய அன்று ஒருமுறை வைப்பார்கள், ஆயுத பூஜைக்கு ஒருமுறை வைப்பார்கள், நடுவில் எதன் மேலாவது உரசிவிட்டால் பரிகாரமாக இன்னொரு முறை.

தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரு பட்டுக்கடை முதலாளியின் காரில் இதையெல்லாம் துணி போட்டுத் துடைத்து, பளபளவென்று திருப்பிக் கொடுத்தேன். பாராட்டுவார் என்று நின்றேன். "எங்கம்மா வெச்ச பொட்ட அழிச்சிட்டியேபா, இனிமே வண்டிக்கு எதுனா ஆச்சின்னா நீதான்" என்றார். அடுத்த வாரமே ஒரு மாட்டு வண்டியில் கொண்டுபோய் இடித்தார். மாடு குறுக்கே வந்ததற்கும் நானே காரணம் என்று ஊரில் பேச்சு. அன்றைக்கு எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன்: எந்த வண்டியிலும் பொட்டை அழிக்காதே. தெரியாமல் கை பட்டுவிட்டால் மரியாதையாக ஒற்றிக்கொள்.

விதி நன்றாகத்தான் வேலை செய்தது, அமுதா டீச்சரின் கார் வரும் வரையில்.

அமுதா டீச்சர் கூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. கூரம் பல்லவர் செப்பேடு கிடைத்த ஊர். அங்கே வேலை பார்ப்பதால் வந்த பழக்கமோ என்னவோ, எழுதி வைத்த எதையும் முழுதாகப் படிக்காமல் விடமாட்டார். கார் கம்பெனி கொடுத்த மேனுவலை அட்டை முதல் அட்டை வரை படித்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். அவருடைய கார் மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல். டர்போ என்றால், புகைக்குழாய் வழியாக வீணாகப் போகும் வேகத்தைப் பிடித்து ஒரு விசிறியைச் சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் ஏற்பாடு. எஞ்சின் சின்னது, கோபம் பெரியது. அந்தக் கோபத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் டேங்கை வைத்து, அதில் சிவப்புக் கூலண்ட்டை ஊற்றி, பிரஷர் தாங்கும்படி மூடி போட்டிருப்பார்கள்.

கூடவே அவருடைய அப்பாவும் வந்தார். ஞானம் என்று பெயர். அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இரண்டு கண்ணிலும் புரை, கறுப்புக் கண்ணாடி. எதிரில் நிற்பது ஆளா தூணா என்பதைக் குரல் வைத்துத்தான் முடிவு செய்வார்.

கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது, எங்கே போகிறது என்று தெரியவில்லை என்றார் டீச்சர். பானட்டைத் திறந்தேன். வெள்ளை டேங்கில் மேல் பாதியும் கீழ் பாதியும் ஒட்டியிருக்கிற விளிம்பில், கழுத்துக்குக் கீழே, விரல் அகலத்துக்குச் செக்கச்செவேல் என்று குங்குமம். கை பட்டுவிட்டது. விதிப்படி கண்ணில் ஒற்றி நெற்றியில் வைத்துக்கொண்டேன். பிறகு, கூலண்ட் எங்கே ஒழுகுகிறது என்று தேட ஆரம்பித்தேன்.

கீழே படுத்துப் பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. ஹோஸ்கள் காய்ந்திருந்தன. வாட்டர் பம்ப் காய்ந்திருந்தது. டார்ச் அடித்து ஒரு மணி நேரம் பார்த்தேன், டேங்கைத் தவிர.

"மேனுவல்ல மொதல்ல டேங்க்ல வெடிப்பு இருக்குதான்னு பாக்கச் சொல்லியிருக்குண்ணா" என்றார் டீச்சர்.

மேனுவல் எழுதியவர் காஞ்சிபுரத்து வெயிலில் வண்டி ஓட்டியிருக்க மாட்டார் என்று நான் பதில் சொன்னேன். என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஹோஸைப் பிடித்திருக்கும் இரண்டு கிளாம்ப்பை இறுக்கி, குறைந்ததை ஊற்றி, அனுப்பிவைத்தேன்.

2. புது மூடி

பத்தாவது நாள் திரும்ப வந்தார்கள். டேங்க் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஞானம் ஐயா ஸ்டூலில் உட்கார்ந்ததும், டீச்சர் என்னைக் கம்ப்ரஸர் பக்கம் தள்ளிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார்.

அப்பாவுக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன். இரண்டு முறை தேதி வாங்கி, சர்க்கரை ஏறிப்போனதால் இரண்டு முறையும் தள்ளிப்போனது. இப்போது சர்க்கரை இறங்கியிருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். இதை விட்டால் மூன்று மாதம். ஆனால் சிக்கல் சர்க்கரை இல்லை, பயம். முப்பது வருடம் மலைப்பாதையிலும் மழையிலும் பஸ் ஓட்டிய மனிதருக்குக் கண்ணில் கத்தி வைப்பார்கள் என்பது மட்டும் தாங்கவில்லை. வெளியில் சொல்லமாட்டார். சாக்குத் தேடுவார். பஸ்ஸில் போகலாம் என்றால், வேறு ஒருவன் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறமாட்டேன் என்கிறார். வாடகைக் கார் என்றால், முகம் தெரியாதவன் வண்டியா என்கிறார். மகள் வண்டி என்றால் மட்டும் மறுக்க வழியில்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"இந்த வண்டி நின்னுதுன்னா அவருக்கு அது போதும்ணா. ஆபரேஷனே வேணாம்னு படுத்துக்குவாரு. அப்புறம் யாராலயும் எழுப்ப முடியாது."

அதன் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். கூலண்ட் குறைந்திருக்கிறது என்று நான் சொல்லும்போதெல்லாம் பெரியவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "இன்னும் ஒழுவுதா தம்பி? அடடா" என்று விசாரிப்பார். அந்த 'அடடா'வில் வருத்தம் ஒரு சொட்டு கிடையாது.

யோசித்து, டேங்க் மூடிதான் பிரஷர் தாங்காமல் ஆவியை வெளியே விடுகிறது என்று கண்டுபிடித்தேன். புது மூடி வரவழைத்துப் போட்டேன். தொழிலுக்குப் புதியவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். பழைய மூடி தளர்ந்திருந்ததால் டேங்குக்குள் பிரஷர் குறைவாக இருந்தது, அதனால் டேங்கில் நான் இன்னும் பார்க்காத ஒரு வெடிப்பு வழியாகக் கொஞ்சமாகக் கசிந்தது. புது மூடி மூடியின் வேலையைச் சரியாகச் செய்தது. பிரஷர் முழுதாக ஏறியது. பத்து நாளில் ஒழுகியது இப்போது மூன்று நாளில் ஒழுகி, வண்டி திரும்ப வந்து நின்றது. நன்றாக இருந்த ஒரு பொருளைப் போட்டு வண்டியை மேலும் கெடுத்திருந்தேன்.

பிரஷர் டெஸ்டர் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கைப்பம்பால் காற்றடித்து, டேங்க் எங்கே கசிகிறது என்று பார்க்கும் கருவி. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று டப்பாவில் போட்டிருந்தது. இந்த வண்டியின் மூடி மரைக்கு மட்டும் அந்தப் பெட்டியில் அடாப்டர் இல்லை. பெட்டியை மூன்று முறை கொட்டித் தேடியும் இல்லை.

குங்குமம் மட்டும் இந்த இரண்டு வாரத்தில் இன்னும் நீளமாகியிருந்தது. டீச்சர் வீட்டில் பக்தி அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுபடியும் இட்டுக்கொண்டேன்.

3. தாமல் ஏரி பக்கம்

புதன்கிழமை, நானே கூட வந்து ஹைவேயில் ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் டர்போ தன் சுயரூபத்தைக் காட்டாது. வேகமும் வெயிலும் வேண்டும். டீச்சர் பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டார். பெரியவர் தானும் வருவேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். டெஸ்ட் டிரைவை அவர் மனதில் எந்த முடிவோடு பார்க்க வந்தார் என்பது எனக்குத் தெரியும்.

தாமல் ஏரியைத் தாண்டுவதற்குள் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரம் கட்டி அணைத்தேன். பானட் இடுக்கு வழியாக ஆவி வந்தது.

"நின்னுச்சா?" என்றார் பெரியவர், கோயிலில் தீபாராதனை முடிந்ததா என்று கேட்கிற குரலில். "அப்ப வெள்ளிக்கிழமை இல்ல. நான் அப்பவே சொன்னேன்."

டீச்சர் கதவைத் திறந்து இறங்கினார். ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்ததா, வெயிலா, தெரியவில்லை. அந்தப் பக்கமே பார்க்க முடியாமல் நான் பானட்டைத் திறந்துவிட்டு, சூடு ஆறட்டும் என்று காத்திருந்தேன். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். அந்த அளவுக்காவது எனக்குத் தொழில் தெரியும்.

பெரியவர் காருக்குள்ளிருந்தே யோசனை சொன்னார். மஞ்சள்தூள் ஒரு கைப்பிடி வாங்கிப் போடு, ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும், அந்தக் காலத்தில் பஸ்ஸுக்கே போட்டிருக்கிறோம் என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. பழைய ரேடியேட்டருக்கு அவசரத்துக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் டர்போவுக்குப் போகிற கூலண்ட் பைப் சுண்டுவிரல் தடிமன்கூடக் கிடையாது. மஞ்சள் ஓட்டையை அடைக்கும் முன் அதை அடைக்கும். முடியாது என்றேன். இந்தக் கதை முழுவதிலும் நான் எடுத்த சரியான முடிவு அது ஒன்றுதான்.

"தம்பிக்கு எல்லாம் தெரியும்" என்றார் பெரியவர்.

அப்போதுதான் டீச்சர் பக்கத்தில் வந்து எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அது என்னாண்ணா, செவப்பா?"

"குங்குமம் டீச்சர். உங்க வீட்ல வெச்சதுதான்."

"எங்க வீட்லயா?"

"ஆமா டீச்சர். வெள்ளி, செவ்வாய்ல வெப்பாங்க இல்ல."

டீச்சர் என்னைப் பார்த்தார். பத்தாம் வகுப்பில் ஒருவன் தண்ணீருக்கு வேறு ஏதோ ஃபார்முலா எழுதியிருந்தால் எப்படிப் பார்ப்பாரோ, அந்தப் பார்வை.

"அண்ணா, நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. எங்க வண்டில யாரு குங்குமம் வெப்பா?"

காருக்குள் பெரியவர் இருமினார். அவர் கழுத்தில் வெள்ளிச் சிலுவை. மூன்று வாரமாக என் கண் எதிரில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. புரை என்னவோ அவருக்குத்தான்.

நான் குனிந்தேன். 'குங்குமத்தின்' நடுவில் ஒரு சின்னக் குமிழ் வந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. நகத்தால் சுரண்டினேன். உதிர்ந்தது தூள் இல்லை, உப்புப் போலப் பொருக்கு. அடியில் பட்டு இழை கனத்துக்கு ஒரு வெடிப்பு, டேங்கின் விளிம்போடு நேராக ஓடியது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொள்ளும். சூட்டில் பிரஷர் ஏறினால் திறந்துகொள்ளும். வெளியே வருவது பக்கத்திலிருக்கிற சூட்டில் ஆவியாகிவிடும், தரைக்குச் சொட்டு இறங்காது. சிவப்பு மட்டும் படிந்து நிற்கும். ஒழுகும் இடத்தைக் கூலண்ட்டே அடிக்கோடு போட்டுக் காட்டியிருக்கிறது. நான் அதைக் கும்பிட்டிருக்கிறேன்.

"அன்னிக்கி நெத்தில வெச்சிக்கினீங்களே..." என்று ஆரம்பித்த டீச்சர், மேலே கேட்காமல் நிறுத்திக்கொண்டார். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறியபின் தண்ணீர் ஊற்றி, பிரஷர் ஏறாமல் இருக்க மூடியை ஒரு திருகு தளர்த்தி, எஞ்சின் சூட்டை உள்ளே இழுக்க ஹீட்டரை முழுதாகப் போட்டு, சைக்கிளைவிடச் சற்றே வேகமாகக் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தோம். சித்திரை வெயிலில் ஹீட்டர் போட்ட காரில் மூன்று பேர். பெரியவர் சட்டையைக் கழற்றிவிட்டார். ஆனால் வழியெல்லாம் உற்சாகமாகத்தான் இருந்தார். வெள்ளிக்கிழமை தப்பித்தது என்ற நம்பிக்கை.

4. பஸ்ஸில் வந்த டேங்க்

உள்ளூரில் அந்த டேங்க் இல்லை. சென்னையில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் இருந்தது. கூரியரில் போட்டால் சனிக்கிழமை வரும் என்றார் கடைக்காரர். போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன்.

"சனிக்கிழமையா?" ஸ்டூலில் இருந்த பெரியவர் நிமிர்ந்தார். "மெட்ராஸ்லேர்ந்து காஞ்சிவரத்துக்கு மூணு நாளா? நடந்து வருதா?"

கூரியர் அப்படித்தான் என்றேன். அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் ஓட்டிய காலத்தில் கல்யாண மாலை, டிபன் கேரியர், பெண் வீட்டார் மறந்த தாலிச் சரடு எல்லாம் அவர் சீட்டுக்குப் பின்னால் இருந்து நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அரை மணிக்கு ஒரு பஸ் ஓடுகிற பாதையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவர முடியாது என்பது அவர் தொழிலுக்கே அவமானம். மகளை நம்பர் போடச் சொல்லி, பழைய சகா ஒருவரிடம் பேசினார். கடைக்காரரையும் மிரட்டி பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்ப வைத்தார். வியாழக்கிழமை மத்தியானம் டேங்க் வந்துவிடும் என்று உறுதியானதும் போனை மடியில் வைத்து, வெற்றியோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் தான் செய்த காரியம் அவருக்கு உறைத்தது. முகம் மெல்ல மாறியது. டீச்சர் தலையைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

டேங்க் மாற்றுவது சுலபமான வேலை. இரண்டு போல்ட், மூன்று ஹோஸ், அடியில் கூலண்ட் அளவைச் சொல்லும் லெவல் சென்சாரின் ஒயர். ஒரு மணி நேரம் போதும் என்று மேனுவல் சொல்கிறது. எனக்கு நாலரை மணி நேரம் ஆனது. தறியின் பாவு நூலில் சிக்கு விழுந்த மாதிரி அந்த இடத்தில் பைப்பும் ஒயரும் பின்னிக் கிடந்தன. ஸ்பிரிங் கிளாம்ப் ஒன்று பிளையரிலிருந்து துள்ளி எஞ்சின் அடித்தட்டுக்குள் விழுந்தது. அதை எடுக்க அடித்தட்டைக் கழற்றினேன். அடித்தட்டு ஸ்க்ரூ ஒன்று மரை போய்ச் சுற்றிக்கொண்டே இருந்தது. புது டேங்கோடு சென்சார் வரவில்லை, பழையதிலிருந்து கழற்றிப் போட வேண்டியிருந்தது. அதன் பூட்டு கையோடு உடைந்து வந்தது. ஒயர் டை போட்டுக் கட்டினேன்.

பிறகு கூலண்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றி, ஹீட்டரைத் திறந்து வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஹோஸைப் பிசைந்து பிசைந்து காற்றை வெளியேற்றினேன். இதில் அவசரப்படக் கூடாது. உள்ளே காற்றுக் குமிழ் நின்றுவிட்டால் டேங்க் நிறைந்திருக்கும், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றி, தானாக நிற்க வேண்டும். "வந்துச்சி" என்பார் பெரியவர் சத்தத்தை வைத்து. "நின்னுச்சி." மூன்று முறை சரியாகச் சொன்னார். நான்காவது முறை, "நல்லாத்தான் ஓடுது" என்றார், யாரோ செத்த செய்தி சொல்வதுபோல.

வெள்ளிக்கிழமை காலையில் துணைக்கு நானும் வேலூர் வரட்டுமா என்று கேட்டேன். "நீங்க வந்தா எனக்கு இன்னும் பயமா இருக்கும்ணா" என்றார் டீச்சர். நியாயம்தான்.

அன்று காலை ஷெட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றப்போய், பழைய ஆயிலை இறக்காமலே புது டின்னைத் திறந்துவிட்டேன். போன் வந்தால் தாமலில் நிற்கிறார்கள் என்று அர்த்தம். வரவில்லை. பத்தரை மணிக்கு வந்தது. எடுக்கும்போது கை எல்லாம் ஆயில்.

"உள்ள கூட்டிக்கினு போயிட்டாங்கண்ணா" என்றார் டீச்சர். "வண்டி சூடே ஆவல. வழியில நாலு தடவ நிறுத்தி பானட்டத் தொறந்து பாக்கச் சொன்னாரு. நாலு தடவையும் ஒண்ணும் இல்ல. அஞ்சாவது தடவ கேக்கல, பேசாம வந்தாரு."

5. துடைத்துவிட்டுப் பார்

இப்போது என் விதியை மாற்றிக்கொண்டிருக்கிறேன். எந்த வண்டி வந்தாலும் சொந்தக்காரரைக் கேட்டுக்கொண்டு, எஞ்சினில் இருக்கும் எல்லாக் கறையையும் துடைத்துவிட்டுத்தான் வேலை ஆரம்பிக்கிறேன். விரலில் மாவாக வந்தால் அது குங்குமம், வேலை முடிந்ததும் புதிதாக ஒன்று வைத்துக் கொடுத்துவிடலாம். பொருக்காக உதிர்ந்தால் அங்கேதான் நோய். இரண்டையும் நெற்றியில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. வாடிக்கையாளர் மேனுவலைப் படித்துவிட்டு வந்து ஒன்று சொன்னால், அந்தப் பக்கத்தை வாங்கி நீங்களும் படியுங்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபத்தாறு வருடம் ஆனது என்று எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து இரண்டாவது கண்ணும் முடிந்து, ஞானம் ஐயா தனியாகவே டவுன் பஸ் ஏறி ஷெட்டுக்கு வந்தார். வேறு ஒருவர் ஓட்டிய பஸ்தான். கறுப்புக் கண்ணாடி இல்லை. ஷெட்டைச் சுற்றி ஒவ்வொரு ஸ்பேனராகப் பார்த்தார், பிறகு என்னை ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு என்ன வயது என்று கேட்டார். ஐம்பத்து மூன்று என்றேன்.

"கொரல வெச்சி உன்ன இருவத்தஞ்சி வயசுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்பா" என்றார். "சின்னப் பையன், தொழில் இன்னும் வரல, போவப் போவ கத்துக்குவான், திட்டாதம்மான்னு பொண்ணுகிட்ட நான்தான் சொல்லிக்கினு இருந்தேன். இப்ப பாத்தா தலையெல்லாம் நரச்சிருக்குது."